ஒதில்ஜான் தோளில் விழுந்த அங்கி

“ஒரு அங்கிக்காக மேட்சையே வித்துட்டான்னு சொல்றியே ஹோசியத், உன் நாக்கு அழுகாதா?”

பக்கத்து வீட்டுக்காரியை வாய்க்கால் கரையில் வைத்தே கேட்டேன். அவள் துணியைப் பிழிந்தபடி, “தெருவே சொல்லுது அக்கா. நான் மட்டும் ஊமையா?” என்றாள்.

தெரு சொல்லட்டும். ஒதில்ஜான் என் தம்பி, என் இடுப்பில் வளர்ந்தவன். பறித்து முடித்த பருத்திக் காட்டில், காய்ந்த செடிக்கட்டைகள் காலைக் கிழிக்கக் கிழிக்கப் பந்தை விரட்டியவன். பதினெட்டு வயதில் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு இடது ஓரத்தில் ஓடினான். பெர்கானா பக்கம் எந்த ஊரில் ஆடினாலும், டீக்கடைக் கிழவர்கள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். இருபத்தேழில் முழங்கால் போனது. முடிந்தான் என்றார்கள். அதே அணிக்குப் பயிற்சியாளனாகி, மைதான ஓரத்தில் தொண்டை கிழியக் கத்தி, பத்தொன்பது வருடம் அதைக் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் தாங்கினான்.

இந்த வருடப் போட்டியில் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் தப்பலாம். முந்தைய நாள் எதிரணியை நடத்துகிற தலைவர் வீட்டில் கல்யாணம். கல்யாண வீட்டில் விடியற்காலையில் ஊருக்கே போடுகிற புலாவ் விருந்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

“போகாதேடா.”

“புலாவுக்குக் கூப்பிட்டுப் போகலைன்னா, நாளைக்கு நம்ம வாசலை எவன் மிதிப்பான் அக்கா?”

போனான். சாப்பிட்டு எழுந்தவன் தோளில் நூறு பேர் பார்க்கப் பட்டு அங்கி போர்த்தினார்கள். பெரிய விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. உதறினால் கல்யாண வீட்டை அவமதித்ததாகிவிடும். அங்கியோடே நின்றான். யாரோ படம் எடுத்தான்.

மறுநாள் இரண்டுக்கு ஒன்று தோற்றோம். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. விசாரணை என்று ஒன்றும் இல்லை, வேலை போனது. அவன் வளர்த்த கோல்கீப்பரே அவனைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தான்.

“அந்த அங்கியைத் திருப்பிக் குடுத்துடு,” என்று சொன்னவள் நான்தான். கொடுத்தான். ‘குத்தமுள்ள நெஞ்சு, பயந்து திருப்பிட்டான்’ என்றார்கள். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

பிப்ரவரியில் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். தூரம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள். மிச்சத்தை, திரும்பி வந்து தின்பதற்காகச் சுவரில் மாட்டி வைப்போம். ரொட்டியை நீட்டினேன்.

“பிள்ளைங்களுக்குக் குடு அக்கா. காஞ்சு வீணாப் போயிடும்.”

“ஒரே ஒரு கடிடா.”

பையைத் தோளில் மாட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டான். ரொட்டி முழுதாக என் கையில் இருந்தது.