மணி இரண்டு முறை அடிக்கும் ஊர்

மொந்த்வேயர் தேவாலயத்தின் மணி எந்த நேரத்தையும் இரண்டு முறை அடிக்கும். முதல் முறை, வயலில் குனிந்திருப்பவர் நிமிர்வதற்கு. கொஞ்சம் பொறுத்து மறுமுறை, எண்ணிக்கொள்வதற்கு.

கோபுரத்தின் காலடியில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஒதெத் கசானியுவுக்கு அந்த இரண்டாவது மணி சொந்தச் சொத்து மாதிரி. பாரிஸிலிருந்து வந்த ஒரு பெண், "உங்க கடிகாரம் ரிப்பேரா?" என்று கேட்டபோது, ஒதெத் சாசேஜைச் சுற்றிக்கொண்டே, "ஒரு தடவைதான் சொல்லுவேன்னு விரட்டுற பழக்கம் எங்க ஊர்ல இல்லீங்க, மேடம்" என்றாள்.

இந்த வசந்தத்தில் மேயர் ழில்பேர் அந்த இரண்டாவது மணியை நிறுத்திவிட்டார். கோபுரத்தருகே வீடு வாங்கிய புதியவர்கள் முறையிட்டிருந்தார்கள். ஒரு வாரம் பார்ப்போம், பிறகு ஊர்மன்றத்தில் கைதூக்கி முடிவெடுப்போம் என்றார். மன்றத்தில் ஒதெத்தும் உறுப்பினர். வீடு வீடாகப் போய்ப் பேசினாள். பாதிப் பேர் பிடிகொடுக்கவில்லை.

"கைபேசி இருக்கு, ஒதெத். யாருக்கு மணி வேணும்?" என்றார் ழில்பேர். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"உனக்குத்தான். மூணாம் வகுப்புலயே ஒருதரம் சொன்னா உனக்கு ஏறாது."

கூட்டம் மாலை ஆறு மணிக்கு. எல்லோரும் வந்தாயிற்று, மேயரின் நாற்காலி மட்டும் காலி. மணி ஆறடித்து ஓய்ந்தது. சன்னல் வழியே பார்த்தால், எதிரிலிருந்த காப்பிக்கடை வாசலில் ழில்பேர் கோப்பையைக் கையில் பிடித்தபடி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் நின்றார். பிறகு திடுக்கிட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா லேட்டு?" என்றாள் ஒதெத்.

மேயர் மூச்சுவாங்கினார். "ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை அடிக்கட்டும், அப்புறம் கிளம்பலாம்னு..."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்துவிட்டார். பாரிஸ்காரன் யாரும் அப்படி நின்றிருக்க மாட்டான். இந்த ஊரில் பிறந்தவனால் மட்டுமே அந்தத் தவறைச் செய்ய முடியும்.

"சரி. இரண்டாவது மணி திரும்ப வேணும்கிறவங்க கைய தூக்குங்க" என்று சொல்லித் தன் கையையே முதலில் தூக்கினார். மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒதெத் மட்டும் அசையவில்லை.

"என்ன ஒதெத், உனக்கு வேண்டாமா?"

"பொறு. நீ தூக்கின அழகைக் கொஞ்சம் பாத்துக்கிறேன்" என்றாள்.