வழங்காமல் வைத்த பங்குகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்கடையின் மாடியில் நடந்துவந்த மாத இதழ் ‘வியாபாரக் குரல்’. அதன் நிர்வாகி ரபேல். விளம்பரம் பிடிப்பதும், கிள்ளானுக்குப் பத்திரிகைக் கட்டுகளை ரயிலேற்றுவதும் அவர் வேலை. கடைக்காரர்கள் அந்த இதழை வாங்கியதே அரிசி, ரப்பர் விலை நிலவரத்துக்காகத்தான். ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்து அதைத் தமிழில் எழுதித் தந்தவர் பிலோமினா. பெண்கள் பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. “கம்பெனியாப் பதிவு பண்றப்ப உங்களுக்குப் பங்கு உண்டு டீச்சர்” என்று முதலாளி ரெங்கசாமி வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது ரபேலும் உடன் இருந்தார்.

1931இல் கம்பெனி பதிவானது. சில பங்குகளை மட்டும் யாருக்கும் வழங்காமல் ரெங்கசாமி நிறுத்திவைத்தார். பிலோமினா வந்து கேட்டார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா,” என்றார் ரெங்கசாமி.

பிலோமினா திரும்பினார். “ரபேல், நீங்க இருந்தீங்களே. சொல்லுங்க.”

ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயிலேயே ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். ரபேலுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்.

“எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர்.”

பிலோமினா படியிறங்கிப் போனார். அந்த மாதத்திலிருந்து விலை நிலவரம் எழுதித் தருவதை நிறுத்திக்கொண்டார்.

சில வாரங்களில் ரெங்கசாமி அந்தப் பங்குகளை ரபேல் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். ரபேல் வேண்டாமென்று சொல்லவில்லை. மனைவி டொரத்தி அன்று பாயசம் வைத்தாள். ரபேல் பாதியிலேயே எழுந்துவிட்டார். பிலோமினாவின் கண்ணில் படாமலிருக்க, ஞாயிறுதோறும் மாதா கோயிலில் விடியற்காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினார். குருவானவரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் மற்ற பாவங்களையெல்லாம் சொன்னார். இதை மட்டும் விழுங்கிவிட்டு எழுந்தார்.

மறுவருடம் பங்குதாரர் கூட்டம் நடந்தது. “நம்ம கம்பெனி யாரையும் ஏமாத்தினதில்ல,” என்றார் ரெங்கசாமி. பங்கு வாங்கியிருந்த கடைக்காரர்கள் கைதட்டினார்கள். ரபேல் எழுந்து நின்றார்.

“பிலோமினா டீச்சருக்குப் பங்கு தர்றதாச் சொன்னீங்க முதலாளி. நான் காதால கேட்டேன். ஞாபகம் இல்லைன்னு பொய் சொன்னேன்.”

“உக்காரு ரபேல்.”

“அவங்களுக்குச் சேர வேண்டியதுதான் என் பேர்ல இருக்கு. அவங்க பேருக்கு மாத்திடுங்க.”

அத்தனை பேர் முன்னிலையில் ரெங்கசாமியால் மறுக்க முடியவில்லை. பங்குகள் மாறின. ரபேலின் வேலையும் போனது.

பங்குப் பத்திரத்தைக் கொடுக்க ரபேலே பிலோமினாவின் வீட்டுக்குப் போனார். பிலோமினா நிதானமாகப் படித்துவிட்டு மடித்துவைத்தார்.

“ரெங்கசாமி அப்படித்தான்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க ஞாபகம் இல்லைன்னதும், நான்தான் தப்பா நினைச்சுட்டு வந்தேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு ரபேல். ரொம்ப நாள் அப்படி இருந்தேன்.”

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“வேலைக்கு என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

ரபேல் கிள்ளானில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையானார். பிலோமினா அதன்பின் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ரெங்கசாமியிடம் கணக்குக் கேட்டார். விலை நிலவரம் மட்டும் திரும்ப எழுதவில்லை. கோயில் திருவிழாவில் ரபேலைக் கண்டால் தலையசைப்பார். நின்று பேசியதில்லை. ரபேலும் அதைத் தனக்குத் தகுந்த தண்டனையாகவே எடுத்துக்கொண்டார்.