சாமிமேல் பழியைப் போட்ட நாவல்

கடையில் நின்று சாமான் விற்கிறவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நமுத்துப்போன முறுக்கை விற்கலாம், போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைக்கூட எவன் தலையிலாவது கட்டிவிடலாம், முதலாளி எழுதிய நாவலை மட்டும் விற்கப் போகாதீர்கள். வாங்கினவன் திட்டினாலும் நாம்தான் கேட்டுக்கணும். வாங்காமல் போனால் முதலாளியிடம் அதற்கும் நாம்தான் கேட்டுக்கணும்.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் நின்றேன். பள்ளிப் புத்தகம், சாமி படம், மெட்ராஸ் வாரப் பத்திரிகை என்று எல்லாம் விற்போம். முதலாளி அதற்கு முன்னால் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே மாரி என்ற பால்வெட்டுக்காரன் பெண்டாட்டியை வெட்டிக் கொன்ற சம்பவத்தை வைத்து ‘முனி கேட்ட ரத்தம்’ என்று ஒரு நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, கல்லாப் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவிட்டார்.

அட்டைப்படம்

அட்டையில் மீசையோடு முனியாண்டி. காலடியில் பால் வெட்டும் கத்தி. பக்கத்தில் மரத்துப்பால் பிடிக்கிற மங்கு, அதில் பாலுக்குப் பதில் ரத்தம். யார் கடைக்குள் வந்தாலும் முதலில் இதைத்தான் நீட்டணும் என்பது முதலாளி உத்தரவு. எனக்கோ அதைத் தொடவே கூசும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். என் போதாத காலம், அவர் வாய் திறப்பதற்குள் நீட்டிவிட்டேன். அந்த அம்மா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்:

“புது வீட்டுக்கு லட்சுமி படம் வாங்க வந்தா ரத்தத்த நீட்டுறியே, ஒனக்கு அறிவு இருக்கா லா?”

எல்லாம் குறியீடு

காம்பாரிலிருந்து ஒரு வாத்தியார் வருவார். வாங்கின புத்தகத்தை முழுக்கப் படிக்கிற அபூர்வப் பிறவி. நாவலைப் படித்துவிட்டு நேராக முதலாளியிடம் விளக்கம் கேட்க வந்தார். அவ்வளவுதான், முதலாளிக்கு வாயெல்லாம் பல். மங்கு என்றால் கருப்பையாம். கத்தி என்றால் வெள்ளைக்காரனாம். முனி இறங்கி மாரியின் கையால் வெட்டுவது, காடு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வதாம். நான் டீ கலக்கிக்கொண்டே கேட்டேன். படித்தவர்கள் பேச்சு, நமக்கு என்ன தெரியும் என்று டீயை நீட்டினேன்.

வாத்தியார் பொறுமையாகத் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார். கிளம்பும்போதுதான், ரொம்ப மரியாதையாக, அதைக் கேட்டார். முதலாளி அன்றைக்கு என்மேல் எரிந்து விழுந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

“மாரிக்குப் பேர் இருக்கு, அவன் வளத்த சேவலுக்குக்கூடப் பேர் இருக்கு, செத்துப்போன பொம்பளைக்கு மட்டும் கடைசிவரைக்கும் ‘அவள்’தானா சார், அதுவும் குறியீடா?”

நாலு புத்தகம்

ஒருநாள் ஒல்லியாக ஒரு ஆள் வந்து நாலு புத்தகம் கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார வைத்து, ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். தனக்குப் படிக்க வராது, முனி இறங்குகிற இடத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள் என்றான். நமக்குத்தான் நாடகப் பைத்தியம் ஆயிற்றே! எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டிப் படித்தேன். மாரி அங்கே இல்லை, அவன் உடம்பில் முனி நின்றான், கத்தி தானாக உயர்ந்தது என்று போகும் அந்தப் பக்கம். அவன் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அதைப் பார்த்து நான் இன்னும் குரலை உயர்த்தினேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான்தான் அந்த மாரி, ஜெயிலிலிருந்து வந்து கொஞ்ச நாள் ஆகிறது என்றான். தாயில்லாத தன் மகள் சிலிபினில் பெரியம்மா வீட்டில் வளர்கிறாளாம். அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகணுமாம். கோயில் தலைவர்தான் தீர்ப்பு சொல்லணும், அவருக்குக் காட்டத்தான் புத்தகமாம். சீ, படித்த வாயைக் கழுவணும்போல் இருந்தது. அவனோ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்:

“கேட்டீங்களாக்கா, நான் இல்ல, சாமிதான் செஞ்சிச்சின்னு கிராணியாரே எழுதிட்டாரு.”

சிலிபின் அக்கா

அடுத்த வாரமே அந்தப் பெரியம்மா, செத்துப்போனவளின் அக்கா, வந்தார். கூடவே அந்த மகள் செல்வி, பன்னிரண்டு வயசு இருக்கும், பெரியம்மாவின் முந்தானையை விடவே இல்லை. “கிராணியாரே, அன்னிக்கி போலீசுக்கு போன் போட்டதே நீங்கதான? சம்சு குடிச்சிட்டு வந்து வெட்டிட்டான்னு சொன்னதும் நீங்கதான? சரசு கத்துனது ஒங்க ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சே! ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்து, சாமி வந்ததெல்லாம் நான் சேத்து எழுதுனதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லாட்டி புள்ளய அவங்கிட்ட குடுத்துருவாங்க” என்றார்.

அப்போதுதான் அந்த ‘அவளு’க்குச் சரசு என்று பேர் இருந்தது எனக்குத் தெரிந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார். நான் செல்வியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். பிறகு அவர் எழுந்து உள்ளறைக்குப் போகிற போக்கில் சொன்னார்:

“படைப்பாளி தன் படைப்ப மறுத்துச் சாட்சி சொல்லக்கூடாதும்மா, வேணும்னா அஞ்சு புத்தகம் இலவசமா வாங்கிட்டுப் போங்க.”

சூடம்

அந்த ஞாயிறு, வயிற்றுவலி என்று முதலாளியிடம் புளுகிவிட்டு நான் அக்காவோடு பஸ் ஏறினேன். தோட்டத்து முனியாண்டி கோயிலில் கூட்டம். மாரி நாவலுக்குப் பூ வைத்து, சாமி காலடியில் வைத்திருந்தான். யாரோ ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் படித்தார். “படிச்ச மனுசன், கிராணி பொய்யா எழுதுவாரு?” என்று நாலு பேர் சொல்ல, தலைவரும் தாடியைத் தடவினார். நான் எழுந்து, அது வெறும் கதைங்க, நான்தான் விற்கிறேன் என்றேன். பொய்யென்று தெரிந்தே விற்றாயா என்று ஒருத்தர் கேட்டார். நான் அக்காவின் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அக்கா சண்டை போடவில்லை. “சூடம் அடிக்கச் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அதுதான் கடைசிக் கோர்ட்டு. சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, சொன்னது உண்மை என்று அதைக் கையால் அடித்து அணைக்கணும். பொய் என்றால் வம்சம் விளங்காது. தலைவர் சூடம் ஏற்றினார். மாரி கையை ஓங்கினான். ஓங்கின கை இறங்கவில்லை. சூடம் பாதி எரிந்தது. அவன் முனியையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் கையைக் கீழே போட்டு, தலைவரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை பெரியம்மாவிடமே தங்கிவிட்டது:

“வேணாண்ணே, சாமி பாக்குது… அந்தப் புத்தகத்து மேல வேணும்னா அடிச்சுச் சொல்றேன்.”

புத்தகத்தில் என்ன பொய் இருந்தாலும் சாமி கண்ணைக் குத்தாது என்று ஒரு கொலைகாரன் நம்பிச் சொன்னதை, அதை விற்றுச் சம்பளம் வாங்கின நான் அத்தனை பேர் நடுவில் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டேன்.