பேர் சொல்லவில்லையாம்

சுனாமிக்கு அடுத்த வருடம் கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தேன். குப்பங்களுக்குப் போய், பறிகொடுத்தவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. கேட்டுக் கேட்டு நாங்களே ஒடிந்துபோகாமல் இருக்க, சனிக்கிழமைதோறும் சிதம்பரத்தில் ஒரு மேடம் எங்களைத் தனித்தனியாகப் பேசவைத்துக் கேட்பார். அதற்கு சூப்பர்விஷன் என்று பெயர்.

"இங்க பேசுறது இந்த நாலு செவுத்தத் தாண்டாதும்மா" என்றார் முதல் நாளே. நம்பினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் அறைக்கு நடக்கும்போதே பாதி பாரம் குறைந்துவிடும், அப்படி ஒரு நம்பிக்கை.

ஒருநாள், ஆபீசில் யாருக்கும் தெரியாததைச் சொன்னேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா, அழுகைக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எந்தத் தெருப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டார். காலனி என்று சொன்னால் கையை விட்டுவிடுவாரோ என்று பயம். "டவுன் பக்கம்மா" என்று மழுப்பினேன். இதைச் சொல்லி அழுதபோது மேடம் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அன்று திரும்பும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் கடலூரில் எங்கள் எல்லோருக்கும் பயிற்சி. மேடம் மைக்கைப் பிடித்தார். "உங்கள்லயே ஒருத்தங்க, காலனிப் பொண்ணு. குப்பத்துல ஒரு அம்மா கேட்டப்ப தெருவ மறைச்சிட்டாங்க. பேரு வேணாம்" என்று ஆரம்பித்து, குப்பத்தின் பெயரையும் சொன்னார். அந்தக் குப்பத்துக்குப் போவது நான் ஒருத்திதான். அடிப்பாவி! அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். என் கருவாட்டுக் குழம்பைத் தினமும் பிடுங்கித் தின்னும் ஆபீஸ் தோழி, "இன்னிக்கு வயிறு சரியில்லக்கா" என்று தள்ளி உட்கார்ந்தாள். பாக்ஸை மூடினேன். நேரே மேடத்திடம் போனேன்.

"நாலு செவுரு தாண்டாதுன்னீங்களே மேடம்?"

"நான் பேரே சொல்லலையேம்மா! நல்ல உதாரணம், மத்தவங்களும் கத்துக்கட்டுமேன்னுதான்."

ஊரார் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நான் மனம்விட்டு அழுதது அவர் ஒருவரிடம்தான்.

வேலை வேண்டுமே, சனிக்கிழமை மறுபடியும் போனேன். "இந்த வாரம் எப்டிம்மா?" என்றார்.

"எல்லாம் நல்லாருக்கு மேடம்."

குப்பத்தில் எங்களை நம்பாதவர்கள் இதைத்தான் சொல்வார்கள். மேடத்துக்கு அது உறைக்கவே இல்லை.

"பாத்தியா, எவ்ளோ தேறிட்ட!" என்று முதுகில் தட்டினார்.