சீதாபாயும் பழைய இரும்புக் கடைக்காரியும்

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து சுலைகா எதையும் நம்பமாட்டார். நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. மாஹிமில் கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணி தேக்சாவைத் தட்டுகிறார். வடாலா ஸ்டேஷனில் வண்டி நின்றால் பெட்டியின் பக்கவாட்டைத் தட்டுகிறார். மகன் யாசருக்குப் பெண் பார்க்க மான்குர்த் போன இடத்தில், டீ வந்த தட்டையும் விட்டுவைக்கவில்லை. "மேல நிக்கல் முலாம், உள்ள பித்தளை. நல்ல பித்தளைதான்" என்று பெண்ணின் தாயிடமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அந்தச் சம்பந்தம் கூடிவந்தது எப்படி என்று யாசருக்கே இன்னும் விளங்கவில்லை.

தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் அவருக்குப் பழைய இரும்பு குடோன் இருக்கிறது. கணவர் சலாவுதீன் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவார். சரக்கை மதிப்பிடுவதும், தரம் பிரிப்பதும், ஆட்களை விரட்டுவதும் சுலைகா. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள்முதல் பிரித்துப் பிரித்தே பழகிய கை அது. பித்தளைக்குள் ஓர் இரும்பு ஆணி கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் கரண்டிகளைக்கூட எவர்சில்வர் தனி, அலுமினியம் தனி என்றுதான் அடுக்குவார். திருநெல்வேலித் தமிழும் பம்பாய் இந்தியும் அவர் வாயில் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். பேரம் படிந்துவிட்டால் "ஹோகயா, முடிஞ்சிட்டு, தூக்கிட்டுப் போ" என்பார். படியாவிட்டாலும் அதையேதான் சொல்வார், குரல்தான் வேறு.

இப்படிப்பட்டவர் ஒரு படகிடம் மாட்டிக்கொண்டது தனிக் கதை.

சிவ்ரி பக்கம் ஒரு தனியார் படகுத்துறையின் சேற்றில் 'சீதாபாய்' என்ற நீராவிச் சரக்குப் படகு பல காலமாகச் சாய்ந்து கிடந்தது. நன்றாக இருந்த நாளில் உரணுக்கும் பன்வேலுக்கும் அரிசி, உப்பு, ஓடு என்று சுமந்ததாம். துறைக்காரர்கள் அதை விற்றுவிட நினைத்து, விலை சொல்ல சுலைகாவைக் கூப்பிட்டார்கள். பாய்லரைத் தட்டினார், குழாய்களைத் தட்டினார், புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டினார். "தங்கம் சேட், இது தங்கம். இந்த மாதிரி செம்பு இப்ப எவன் போடுதான்?" என்று மேனேஜரிடம் வாயை விட்டார். குடோனில் அதற்கென்று ஒரு மூலையும் ஒழித்து வைத்துவிட்டார்.

அதற்குள் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் புறப்பட்டு வந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். பழைய நீராவி இயந்திரம் என்றால் பெண்டாட்டி பெயரே மறந்துவிடும் ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வேலை செய்ய ஒரு பட்டாளத்தைச் சேர்த்துக்கொண்டு, துறைக்காரர்களிடம் தவணை வாங்கிவிட்டார். மழைக்காலம் தொடங்குமுன் படகு தன் சொந்த நீராவியில் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் படகு துறையிலேயே இருக்கலாம், இடம் இலவசம். ஓடாவிட்டால் சீதாபாய் பழைய இரும்பாக சுலைகாவுக்குப் போய்விடும்.

அடுத்த ஞாயிறே சுலைகா துறைக்கு வந்து நின்றார். உதவிக்கு வந்திருப்பதாக நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் ஒதவ வரல. எம் பொருள நீங்க நாசம் பண்ணாம இருக்கீங்களான்னு பாக்க வந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டே அவர் கையில் ஒரு கம்பி பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். சும்மா நிற்கத் தெரியாத மனுஷி என்பதால் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டும்போதும் புலம்பல்தான். "துருவு போனா எடை போவும்லா? என்னைய வச்சே எனக்கு நஷ்டம் பண்ணுதீங்க." ஆனாலும் எந்த ஞாயிறும் தவறவில்லை. டீ கொண்டுவந்தார், இஞ்சி போதவில்லை என்று சொன்னவர்களுக்கு அடுத்த வாரம் டீயே இல்லை என்றார், மறுபடி கொண்டுவந்தார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, இன்ஜினை முழுக்கக் கழற்றினார்கள். செம்பூரில் பேங்க் வேலை பார்க்கும் ஷாலினிக்குத்தான் அந்தப் பொறுப்பு. கழற்றிய ஒவ்வொன்றையும் அது இருந்த வரிசைப்படியே தார்ப்பாயில் பரப்பி, சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, எண் எழுதி வைத்தாள். பார்க்கவே ஒரு பெரிய கோலம்போல இருந்தது. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காவலுக்கு சுலைகா இருந்தார்.

செம்புக்கு நடுவில் வார்ப்பிரும்பு கிடந்தது. வார்ப்பிரும்புக்கு அந்தப் பக்கம் பித்தளை, அதன்மேல் ஓர் ஈய வளையம். சுலைகா கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முடியவில்லை. இவ்வளவு படித்த பிள்ளைகள், தரம் பிரிக்கத் தெரியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று இரக்கம் வந்தது. எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பித்தளை ஒரு சாக்கில் இருந்தது, செம்பு ஒரு சாக்கில் இருந்தது, இரும்பு பெரிது சிறிது என்று அழகாகக் குவிந்திருந்தது. தார்ப்பாயை உதறி மடித்தும் வைத்திருந்தார்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேள்" என்று வேங்கடசுப்ரமணியன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷாலினி மடித்த தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்தாள், சாக்பீஸ் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. பின்னாலிருந்து ஒருவன், வேண்டுமென்றே செய்திருக்கிறாள், படகு ஓடக்கூடாது என்பவள்தானே என்று இந்தியில் முணுமுணுத்தான். அது சுலைகாவின் காதில் சரியாக விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

"கெடுக்கணும்னா சாக்கைத் தூக்கிட்டுல்லா போயிருப்பேன்? மடிச்சா வச்சிருப்பேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. அவர் குரல் உடைந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து குடோனை சலாவுதீனிடம் விட்டுவிட்டுத் தினமும் சிவ்ரிக்கு வந்தார். எது எங்கே போகும் என்று அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. கழற்றும்போது ஷாலினி போனில் எடுத்திருந்த அரைகுறைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார், ஒரு போல்ட்டை எடுப்பார், ஒவ்வொரு ஓட்டையாக வைத்துப் பார்ப்பார். ஒரு வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டு வேங்கடசுப்ரமணியனிடம் வசவு வாங்கினார். பொருந்தியதும் மட்டும், "உக்காந்திருச்சு ஷாலினி, உக்காந்திருச்சு பாரு" என்று குழந்தைக்குப் பல் முளைத்ததுபோல் கூப்பிட்டுக் காட்டுவார். ஷாலினியும் "ஆமா அக்கா, ஏக்தம் ஃபிட்" என்பாள். கோபம் எந்த நாளில் போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் சுலைகாவுக்குள் ஏதோ புரண்டுவிட்டது. தான் முடுக்கிய போல்ட்டின் மேல் இரும்பு வெட்டும் கேஸ் கட்டரின் நெருப்பு விழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. குடோனில் ஒழித்து வைத்த மூலை சும்மா கிடக்கிறதே என்று சலாவுதீன் கேட்டதற்கு, "அட்டைப்பெட்டிய அடுக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் பிறக்கும் தறுவாயில், வானம் கறுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பாய்லரை மூட்டினார்கள். அதற்கு முந்தின நாள் முழுக்கப் படகின் குழாய்களையெல்லாம் தேய்த்துத் துலக்கியிருந்தார்கள். மேனேஜர் குடையோடு வந்து கரையில் நின்றார். நீராவி சீறியது, இன்ஜின் இருமியது, புரண்டது, சீதாபாய் உண்மையாகவே கரையை விட்டு நகர்ந்தது. எல்லோரும் கத்திக் குதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாய் மூட்டில் நீராவி கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு வெள்ளைப் புகை மண்டியது. இன்ஜின் அடங்கிவிட்டது. கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார்கள்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் பேச்சு பேச்சுதான். "ஓடவில்லையே, சாப்" என்றார். பிறகு சுலைகாவிடம் திரும்பி, "மௌசி, நாளைக்கே ஆள் அனுப்பிவிடு" என்றார். வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஷாலினி சுலைகாவைப் பார்க்கவில்லை.

மேனேஜருக்காக சுலைகா இந்தியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "இதுவா? வெறும் துருவுல்லா சேட். வெட்டுத கூலிக்குக்கூடத் தேறாது. சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம். தாராவியில ஒருத்தனும் தொடமாட்டான்."

"அன்னைக்குத் தங்கம்னு சொன்னியே?"

"அன்னைக்கு வெயிலு. கண்ணு கூசிருச்சு."

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே பார்க்கிறேன் என்று பலகையில் ஏறிப் படகுக்குள் வந்தார். அவருக்கு முன்னால் சுலைகா உள்ளே போய்விட்டார். துருப்பிடித்த பக்கங்களையே தேடித் தேடிக் காட்டினார். "சரி, மழை முடியட்டும், அதுவரைக்கும் கிடக்கட்டும்" என்று சலித்துக்கொண்டு மேனேஜர் திரும்பினார். அவர் இறங்கிக் கரையேறும்வரை, தகதகவென்று மின்னிய செம்புக் குழாயின்மேல் தன் முந்தானையை விரித்துப் போட்டு, இன்னும் ஆறாத அந்தச் சூட்டில் முதுகைச் சாய்த்தபடி, சுலைகா சிரித்துக்கொண்டே நின்றார்.