த்ருகு மலையில் பத்துச் சொற்கள்

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு சிட்னியின் செவன் ஹில்ஸில் ரயிலேறியபோது என் பையில் இரண்டு காது மெஷின்களும் மடிக்கணினியும் இருந்தன. பிளாக்டவுன் கிளினிக் ஒன்றில் காது பரிசோதிப்பது என் தொழில். அங்கே வரவேற்பில் வேலை செய்யும் சிவாங் கூடவே வந்தாள். தாய்வான் மலைகளின் த்ருகு பழங்குடிப் பெண்.

"அப்பாவுக்குக் காது கேக்கிறேல்லை. ஒருத்தரோடும் கதைக்கிறதை விட்டிட்டார். கீழே இறங்கவும் மாட்டாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். "அப்ப நாங்கள் ஏறுவம்" என்றேன் நான்.

ஒரு சிக்கல் இருந்தது. மெஷினைச் சரியாகப் பொருத்த, ஆளுக்குப் பழக்கமான சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். அவருக்குச் சீனமொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். த்ருகு மொழியில் அப்படியொரு பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. தாய்பேயில் சீனமொழியிலேயே வளர்ந்த சிவாங், ஊரிலிருக்கும் தன் மச்சாளிடம் தொலைபேசியில் கேட்டுப் பத்துச் சொற்களைப் பாடமாக்கினாள்.

விமானத்தில் ஒன்பது மணி நேரம். சனி மதியம் தாய்பேயிலிருந்து கிழக்குக் கரையோரமாக இரண்டரை மணி நேர ரயில். நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கு டாக்சி முந்நூறு தாய்வான் டொலர்.

"மேலேயா? நிலநடுக்கத்துக்குப் பிறகு பாதை பாதிதான் இருக்கு" என்றார் சாரதி.

"பாதி போதும்" என்றாள் சிவாங்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினோம். சலவைக்கல் பாறைகள் இருபக்கமும் செங்குத்தாக நின்றன. பாதை சரிந்த இடங்களில் ஊர்க்காரர் கயிறு கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் என் கால் வழுக்கி முழங்கால் கிழிந்தது. கைக்குட்டையால் கட்டிக்கொண்டு தொடர்ந்து ஏறினேன். ஜப்பானியர் ஆட்சியில் இந்த மக்களைக் கீழே குடியேற்றினார்கள் என்றும், பின்னர் சிலர் திரும்பி ஏறினார்கள் என்றும் மூச்சு வாங்கியபடி சொன்னாள். ஐந்து மணி நேரம் பிடித்தது.

தினைக்கொல்லை ஓரம் நின்ற அவளுடைய அப்பா யுடாவ், மகளைக் கண்டதும் தலையசைத்தார். மெஷின்களைக் காதில் வைத்தேன். உதடு தெரியாதபடி சிவாங் தாளால் வாயை மறைத்தாள்.

"ட்கியாக்." மலை. திருப்பிச் சொன்னார்.

"க்சியா." தண்ணீர். அவர் முகம் சுருங்கியது. மெல்லிய ஒலிகள் காதில் விழவில்லை. கணினியில் அந்த ஒலிகளைக் கூட்டினேன். மறுபடியும். மூன்றாம் தரம் "க்சியா" என்றார், தெளிவாக.

எட்டுச் சொற்கள் முடிந்தன. ஒன்பதாவது, "லாகி." பிள்ளை.

அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தாளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். "லாகி மு" என்றார்.

என் பிள்ளை.

பத்தாவது சொல்லை நாங்கள் கேட்கவேயில்லை. அன்று முழுக்க அவர் பேசினார். அவளுக்குப் பாதி விளங்கவில்லை; ஆனாலும் இடைமறிக்கவில்லை.

செவ்வாய் காலை இறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்தும் பிளாக்டவுனிலிருந்தும் வரும் எங்கள் தமிழ் அன்ரிமாரையும் அங்கிள்மாரையும் இத்தனை வருடமாக ஆங்கிலச் சொற்களால்தான் சோதித்திருக்கிறேன். பிழைவிட்டால் காதைத்தான் குறை சொன்னேன்.

விமானத்திலேயே எங்கள் வீட்டுத் தமிழ்ச் சொற்களைப் பட்டியலாக எழுதத் தொடங்கினேன். அடுத்த திங்கள் முதலாவதாக வந்தவர் எண்பது வயது அன்ரி. வாயை மறைத்துக்கொண்டு, சமையலறைக்கு எங்கள் ஊர்ச் சொல்லான "குசினி" என்றேன்.

"குசினி" என்றவர், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம் பிள்ளை, இப்ப கேளும்."