அஞ்சு நிமிஷத்துக்கு முந்தின தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய அந்த மனுஷனுக்கு வட்டாரமே வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்பார். அஞ்சு நிமிஷம் தண்ணீர் ஓடியாக வேண்டும். நாலரை நிமிஷத்தில் யாராவது “போதும் சார்” என்றால் பொத்துக்கொண்டு வரும் கோபம். அப்புறம் குழாயின் வாயைத் தீயில் காட்டி, பாட்டிலில் பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போவார். தன்னை ஏமாற்றிய கிருமி இன்னும் பிறக்கவில்லை என்று அவர் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டில் மட்டும் சட்டம் வேறு. மனைவி குழாயைச் சும்மா ஒரு நிமிஷம் ஓடவிட்டால் போதும், “உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?” என்று படுக்கையிலிருந்தே கத்துவார். கூடவே ஓசியில் வைத்தியம் வேறு: “காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல ஒரு சொம்பு தண்ணி குடி. நோயே அண்டாது.” இவர் எட்டு மணிக்கு எழுந்து அலுவலகத்தில் போய் டீ குடிக்கிற ஜாதி. அவள்தான் விடியற்காலையில் எழுந்து, குழாயில் வரும் முதல் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சில் அவள் விரும்பிக் கேட்ட ஒரே பேச்சு அதுதான். அதையும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

வயிற்றுவலி வந்தது. ஆளே வெளுத்துப்போனாள். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தவளுக்குக் கூடப்பிறந்த தங்கையின் பெயர் வாயில் வரவில்லை. அன்றைக்குத்தான் நம்மாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, “உடம்புல காரீயம் ஏறியிருக்கு. வீட்டுத் தண்ணி எப்படி?” என்று கேட்டார்.

“யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?” என்று எகிறினார் இவர். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே மாதிரி எடுக்கறேன். அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு—”

“உங்க வீட்டம்மா அஞ்சு நிமிஷம் ஓடவிட்டா குடிக்கறாங்க?”

மனைவி முந்திக்கொண்டாள்: “ஓடவிட்டுட்டு இவருகிட்ட யாரு டாக்டர் திட்டு வாங்கறது?”

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்தார். குழாயைத் திறந்ததும் விழுந்த முதல் தண்ணீரை அப்படியே பிடித்து, காரீயத்துக்குச் சோதிக்கச் சொல்லிச் சோதனைக்கூடத்தில் கொடுத்தார். இருக்கலாம் என்று விதி சொல்லும் அளவைப்போல் ஏழு மடங்கு இருந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் பழைய குழாய் காரீயக் குழாய். ராத்திரி முழுக்க அதில் தேங்கிய தண்ணீர் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு காலையில் முதல் சொம்பில் வந்து விழுந்திருக்கிறது. இவர் இத்தனை வருஷமும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வந்த தண்ணீருக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

அலுவலகத்தில் மேலதிகாரி அந்தச் சோதனை முடிவுக் காகிதத்தைப் புரட்டினார். “அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு எடுத்தீங்களா?”

“இல்ல சார். அது கிருமிக்கான விதி. இது காரீயம். தேங்கின தண்ணியைத்தான் பார்க்கணும்.”

“காரீயத்தைப் பத்தி யாரும் புகார் குடுக்கலையே. நீங்க ஏன் சார் வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கறீங்க?”

வேறு நாளாக இருந்தால் இவரே அப்படித்தான் கேட்டிருப்பார். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அங்கே அழுதார். மனைவியின் தலையெழுத்தைத் தன் கையாலேயே எழுதிவிட்டோமே என்று அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, விடுப்புச் சீட்டுகூட எழுதாமல் நேரே தன் தெருவுக்கு நடந்தார். எல்லா வீடும் ஒரே சமயத்தில் கட்டியவை. எல்லா வீட்டிலும் அதே குழாய். எல்லா வீட்டு அறிக்கையிலும் இவர் கையெழுத்து.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். கைக்குழந்தைக்காரி திறந்தாள். விஷயத்தைச் சொன்னார், மென்று முழுங்காமல், தப்பு தன்னுடையது என்றும் சொன்னார்.

“பால் பவுடருக்குக் கொதிக்க வச்சுத்தான் ஊத்தறேன். பரவாயில்லைதானே?”

“கொதிக்க வச்சா போகாதும்மா.”

அவள் உள்ளே திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். “உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் சார் நான் கேன் தண்ணி வாங்கறதையே நிறுத்தினேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க. டாக்டர் கேட்டா, நீங்களே சொல்லுங்க.”

அவர் அவள் பின்னால் நடந்தார்.